பவர்பாயிண்ட்டுக்கு முன்னால் 53 பக்கம்

இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு அக்கடா என்று சாய்ந்த நேரம் பார்த்துக் காலிங்பெல் அடித்தது. மூன்றாவது மாடியில் இருக்கும் திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையன், கையில் லேப்டாப்போடு நின்றான். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத வராது. இன்ஜினியரிங் முடித்து ஐந்து வருடம் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, இப்போது இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கப் போகிறானாம்.

"அங்கிள், பேங்க்ல லோன் கேக்கப் போறேன். ஸ்லைட்ஸ் ரெடி பண்ணிட்டேன். நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். மொத்தம் 31 ஸ்லைடு. முதலாவதில் வாழையிலையில் ஆவி பறக்கும் இட்லி. அடுத்து விஷன், அதற்கடுத்து மிஷன். பிறகு இந்தியாவின் காலை உணவுச் சந்தை எத்தனை ஆயிரம் கோடி என்று ஒரு பெரிய வட்டம், அதற்குள் சின்ன வட்டம், அதற்குள் இன்னும் சின்னதாக இவன் பிடிக்கப் போகும் பங்கு. கிரைண்டர் விலை 26-வது ஸ்லைடில் வந்தது. விற்காமல் கடையிலிருந்து திரும்பி வரும் மாவை என்ன செய்வான் என்பது எங்குமே இல்லை.

"எப்படி அங்கிள்?" என்றான்.

"படம் நல்லா இருக்குப்பா" என்றேன். அவன் முகம் சுருங்கியது. புத்திசாலிப் பையன், புரிந்துகொண்டான்.

அவனுக்கு அன்று மாலை சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் இப்போது வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்குகிறேன் என்று கிளம்புகிறார்கள். எல்லார் கையிலும் முதலில் இருப்பது இந்த ஸ்லைடுதான். பிசினஸ் பிளான் எங்கே என்று கேட்டால் ஸ்லைடைத் திறந்து காட்டுகிறார்கள். பிளானும் ஸ்லைடும் ஒன்று என்று எப்போது ஆனது? கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில் சுவாரசியமான கதை கிடைத்தது.

கணக்கைப் படமாகப் போட்டுக் காட்டும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் ப்ளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர். 1786-ல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கையெல்லாம் கோடுகளாக இழுத்து ஒரு புத்தகம் போட்டார். இன்று எக்செல் இரண்டு கிளிக்கில் போட்டுத் தரும் லைன் சார்ட், பார் சார்ட் எல்லாம் அதில் இருந்தன. 1801-ல் பை சார்ட்டும் அவர் கையிலிருந்துதான் வந்தது. இத்தனை கெட்டிக்காரர் 1790-களில் லண்டனில் ஒரு வங்கி தொடங்கினார். அது கவிழ்ந்தது. பை சார்ட்டைக் கண்டுபிடித்தவர் வங்கியைக் கரை சேர்க்கவில்லை என்பதை எங்கள் மண்டல அலுவலகக் கூட்டத்தில் ஒரு நாள் சொல்லிவிட ஆசை. தைரியம்தான் வரவில்லை :-)

அடுத்து அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனி. காமர்ஸ் படித்தவர்களுக்கு டூபாண்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கும். லாப விகிதத்தையும் விற்பனைச் சுழற்சியையும் பெருக்கினால் முதலீட்டின் மீதான வருமானம் கிடைக்கும் என்ற அந்தக் கணக்கு. டொனால்ட்சன் பிரவுன் என்பவர் அங்கே போட்டுக் கொடுத்தது. நானும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியவன்தான். ஆனால் அந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே 1920-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி ஒரு தனி அறை கட்டியது என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. கூரையில் தண்டவாளம் போல ஓடும் கம்பிகள், அதில் தொங்கும் பெரிய பெரிய சார்ட்டுகள். நிர்வாகக் குழு உட்கார்ந்திருக்க, எந்தப் பிரிவைப் பற்றிப் பேச்சோ அந்த சார்ட்டை இழுத்து நடுவில் நிறுத்துவார்கள். பேச்சு முடிந்ததும் தள்ளிவிட்டு அடுத்தது.

இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. எல்லாப் பிரிவுக்கும் ஒரே மாதிரி சார்ட். இந்த மாதம் நஷ்டம் என்பதால் வேறு கோணத்தில், வேறு கலரில் போட்டுத் தப்பிக்க முடியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் அந்தத் தொழிலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். படம் அவர்களுக்கு ஞாபகக் குறிப்பு மாதிரி, அவ்வளவே.

கண்ணாடியில் வரைந்த படத்தை விளக்கு வைத்துச் சுவரில் காட்டும் 'மேஜிக் லான்டர்ன்' 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஸ்லைடு என்ற பெயரே அந்தக் கண்ணாடித் துண்டுகளை நகர்த்தியதிலிருந்து வந்ததுதான். அந்தக் கதை பொழுதுபோக்குப் பக்கம் போய்விடுவதால் விட்டுவிடுகிறேன். அலுவலகத்துக்குள் நுழைந்தவை இரண்டு. ஒன்று 35 எம்எம் ஃபிலிம் ஸ்லைடு. 1961-ல் கோடக் கம்பெனியின் கரோசல் ப்ரொஜெக்டர் வந்த பிறகு அது பிரபலமானது. வட்டத் தட்டில் வரிசையாக அடுக்கி வைத்து, பட்டனை அழுத்தினால் 'க்ளிக் க்ளிக்' என்று ஒவ்வொன்றாக விழும். இன்னொன்று ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க ராணுவப் பயிற்சியில் பயன்பட்டு, பௌலிங் விளையாட்டுக் கூடங்களில் ஸ்கோர் காட்டப் பயன்பட்டு, 1960-களில் 3எம் கம்பெனி அதற்கான ஷீட்டுகளை மலிவாக்கிய பிறகு பள்ளிக்கூடம், ஆபீஸ் எங்கும் பரவியது.

ஓவர்ஹெட் ப்ரொஜெக்டரை நான் நேரில் பார்த்தது 2001-ல், வங்கியில் சேர்ந்த புதிதில் பயிற்சிக் கல்லூரியில். கடன் மதிப்பீடு நடத்திய ஆசிரியர் ஒருவர், ஷீட்டை வைத்து அதன் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை மூடி, ஒவ்வொரு வரியாக இழுத்து இழுத்துக் காட்டுவார். நாங்கள் 40 பேரும் அடுத்த வரி என்ன என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விசிறிக் காற்றில் காகிதம் பறந்து எல்லா வரியும் தெரிந்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். இன்று பவர்பாயிண்ட்டில் ஒவ்வொரு வரியாகப் பறந்து வந்து உட்காருகிறதே, அந்த அனிமேஷனின் தாத்தா அந்த வெள்ளைக் காகிதம்.

அந்தக் காலத்தில் ஸ்லைடு என்பது செலவு. அமெரிக்காவில் ஜெனிகிராஃபிக்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நாசாவுக்காகச் செய்த கணினிப் படத் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்தது. பெரிய கம்பெனிகளின் இயக்குநர் கூட்டத்துக்குப் பளபளவென்று 35 எம்எம் ஸ்லைடு செய்து கொடுப்பது அதன் தொழில். நீங்கள் காகிதத்தில் கிறுக்கிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வரைவார்கள், தப்பு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், மறுபடி காசு. ஒரு ஸ்லைடு சேர்ப்பதற்குள் "இது தேவையா?" என்று நாலு தடவை யோசிக்க வைக்கும் ஏற்பாடு. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் டைப் அடித்த தாளை ஓவர்ஹெட் ஷீட்டில் நகலெடுத்துக் கொள்வார்கள்.

இந்த இடத்தில்தான் ராபர்ட் காஸ்கின்ஸ் வருகிறார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மொழியியலும் கணினியியலும் படித்தவர். 1984-ல் ஃபோர்தாட் என்ற சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தார். ஆப்பிளை விட்டு வெளியே வந்த இருவர் தொடங்கி, தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்த கம்பெனி. அந்த ஆகஸ்ட் மாதம் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். விஷயம் என்னவோ அது தெரிந்தவன் ஸ்லைடு செய்ய முடியாமல் இருக்கிறான், செய்யத் தெரிந்த ஓவியனுக்கு விஷயம் தெரியாது. மேக்கின்டாஷ் மாதிரி படம் காட்டும் கணினி வந்துவிட்டதால் விஷயம் தெரிந்தவனே தன் மேசையில் உட்கார்ந்து செய்துகொள்ளலாம் என்பது சாரம். டென்னிஸ் ஆஸ்டின் நிரல் எழுதினார், பிறகு தாமஸ் ரட்கின் சேர்ந்துகொண்டார். முதலில் வைத்த பெயர் 'பிரசன்டர்'. வேறொருவர் அந்தப் பெயரில் உரிமை வைத்திருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. குளித்துக்கொண்டிருக்கும்போது 'பவர்பாயிண்ட்' என்ற பெயர் தோன்றியது என்று காஸ்கின்ஸ் சொல்லியிருக்கிறார்.

1987 ஏப்ரலில் முதல் பதிப்பு வெளியானது. மேக்கின்டாஷுக்கு மட்டும், கறுப்பு வெள்ளையில். ஓவர்ஹெட் ஷீட்டுக்கான பக்கங்களை அச்சடித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அதே வருடம் ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் ரொக்கம் கொடுத்துக் கம்பெனியையே வாங்கிவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. ஸ்லைடு போடுவதற்குத் தனி மென்பொருள் எதற்கு, வேர்டிலேயே ஒரு வசதியாகச் சேர்த்துவிடலாமே என்பதுதான் பில் கேட்ஸின் முதல் யோசனை. அவரைச் சம்மதிக்க வைக்க உள்ளே ஆள் பாடுபட வேண்டியிருந்தது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பவர்பாயிண்ட்டும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய பிசினஸ் பிளான்தானே? நிர்வாகத்துக்கும் முதலீட்டாளர்களுக்கும் புரியவைத்துப் பணம் வாங்கினால்தானே கம்பெனி பிழைக்கும்? காஸ்கின்ஸ் அதற்குக் கொண்டுபோனது என்ன தெரியுமா? நெருக்கி எழுதிய 53 பக்கம். யார் வாங்குவார்கள், ஏன் வாங்குவார்கள், போட்டி யார் என்று வாதம் அடுக்கிய 53 பக்கம். அதோடு கூட ஒரு டஜன் சொச்சம் ஸ்லைடு. அந்த ஸ்லைடுகள் 53 பக்கத்தின் முக்கியமான இடங்களை மட்டும் காட்டியவை.

2007-ல் பவர்பாயிண்ட்டுக்கு 20 வயதானபோது ஓர் அமெரிக்கப் பத்திரிகையிடம் அவரே சொன்னது இது. ஸ்லைடு ஒருபோதும் முழுத் திட்டமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை, நீளமாக யோசித்து எழுதியதன் சுருக்கமாக இருக்கத்தான் செய்தோம், ஜனங்கள் எழுதுவதை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் செய்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறார். படித்ததும் எனக்கு எங்கள் வங்கியின் கடன் பிரிவுதான் கண்முன் வந்தது.

அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. 1990-ல் விண்டோஸ் 3.0 வெளியான நாளிலேயே விண்டோஸ் பவர்பாயிண்ட்டும் வந்தது. 1992-ல் காஸ்கின்ஸ் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் லேப்டாப்பை நேராக ப்ரொஜெக்டரில் இணைத்துக் காட்டினார். அதன் பிறகு ஷீட்டும் வேண்டாம், ஃபிலிமும் வேண்டாம். கோடக் 2004-ல் ஸ்லைடு ப்ரொஜெக்டர் செய்வதையே நிறுத்திவிட்டது. ஒரு ஸ்லைடு சேர்க்கச் செலவு பூஜ்யம். "இது தேவையா?" என்று கேட்க வைத்த அந்தக் காசு போனதோடு கேள்வியும் போய்விட்டது. போதாக்குறைக்கு, 1990-களின் நடுவில் ஆட்டோகன்டென்ட் விசார்ட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளேயே யாரோ கிண்டலாகச் சொன்ன பெயர், அதுவே நிலைத்துவிட்டதாம். எந்த வகைப் பேச்சு என்று தேர்ந்தெடுத்தால் தலைப்புகளை அதுவே போட்டுத் தரும். அதில் பிசினஸ் பிளானும் உண்டு. மிஷன், டீம், மார்க்கெட், போட்டி, நிதித் திட்டம், ரிஸ்க் என்று காலியிடத்தை நிரப்ப வேண்டியதுதான். 2007 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் மூன்றாவது மாடிப் பையனின் ஸ்லைடு வரிசை கிட்டத்தட்ட அதே வரிசைதான்! பிறக்கும்போதே அவன் கேட்டிராத ஒரு மென்பொருளின் வாசனை.

நல்ல ஸ்லைடால் நல்லது நடந்த கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. 1997-ல் பில் கேட்ஸ் டெல்லி வந்தபோது ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். லேப்டாப்பைத் திறந்து பவர்பாயிண்ட் காட்டினார், பேச்சு நாற்பது நிமிடம் வரை போனது. அடுத்த வருடம் மைக்ரோசாஃப்ட் ஐதராபாத்தில் தன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது. கேட்ஸுக்கே கேட்ஸின் சரக்கை விற்ற கதை. ஆனால் அந்த ஸ்லைடுகளுக்குப் பின்னால் ஒரு மாநில அரசும் அதன் கோப்புகளும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது.

நேர்மாறான கதை கொலம்பியா விண்கலம். 2003 ஜனவரி 16-ஆம் தேதி கிளம்பியபோது 82-வது விநாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே கீழே பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அதில் ஒரு ஸ்லைடை எட்வர்ட் டஃப்டி என்ற புள்ளியியல் பேராசிரியர் பின்னால் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார். தலைப்பு, பழைய சோதனை முடிவுகள் சேதத்தைக் கூட்டித்தான் காட்டுகின்றன என்ற தொனியில், பயப்பட ஒன்றுமில்லை என்பது போல இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, கோடுக்குள் கோடு. கடைசியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம் என்று மதிப்பு, சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. தலைப்பாக இருக்க வேண்டிய விஷயம் அடிமட்டத்தில் கிடந்தது.

பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறியது. நம் கர்னால் பெண் கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேர். ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் பவர்பாயிண்ட்டை வைத்து ஓட்டுவது நாசாவில் தொற்றாகப் பரவியிருக்கிறது என்று விசாரணைக் குழுவே அந்த ஆகஸ்ட்டில் எழுதியது. அடுத்த வருடம் ஜூன் மாதம் அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் உயர்நிலைக் கூட்டங்களில் பவர்பாயிண்ட்டுக்குத் தடை போட்டார். ஆறு பக்கம் வாக்கியமாக எழுதிக்கொண்டு வா, முதலில் எல்லாரும் உட்கார்ந்து படிப்போம், பிறகு பேசுவோம் என்ற பழக்கம் அங்கே வந்தது. முதலீட்டாளர் கய் கவாசாகி 2005-ல் கொஞ்சம் தயவு காட்டி, பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயிண்ட்டுக்குக் குறையாத எழுத்து என்று ஒரு கணக்கு சொன்னார். எழுத்தின் அளவை ஏன் சொன்னார் என்றால், பெரிய எழுத்து போட்டால் நிறைய எழுத முடியாது, ஸ்லைடைப் பார்த்து வாசித்துத் தப்பிக்க முடியாது.

கொலம்பியா கதையைப் படித்தபோது எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன்.

2011-ல் வேறொரு மாநிலத்தில் ஒரு கிளையில் கடன் அதிகாரியாக இருந்தேன். பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட், 1.8 கோடி கடன் கேட்டு ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பத்தாண்டு வேறு ஒருவரிடம் சூப்பர்வைசராக இருந்தவர், நல்ல மனிதர். அவருடைய கன்சல்டன்ட் எங்கள் மேலாளர் அறையில் 24 ஸ்லைடு ஓட்டினார். மெஷின் படங்கள், ஆர்டர் தருவதாகச் சொன்ன கம்பெனிகளின் சின்னங்கள், மேலே மேலே ஏறும் பார் சார்ட். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. தலை ஆட்டினோம். 19-வது ஸ்லைடில் 'உள்கட்டமைப்பு' என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவது வரி: உயர் அழுத்த மின் இணைப்பு, நடவடிக்கையில் உள்ளது. திட்ட அறிக்கை என்று பைலில் இருந்ததும் அந்த ஸ்லைடுகளின் பிரிண்ட் அவுட்தான், ஸ்பைரல் பைண்டிங் போட்டு. நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, "விண்ணப்பித்த ரசீது எங்கே?" என்பது. கேட்கவில்லை.

விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. அதற்குத் தேவையான பணமும் திட்டச் செலவில் சேர்ந்திருக்கவில்லை. மெஷின் வந்து இறங்கி பதினொரு மாதம் தார்ப்பாய் போர்த்தி நின்றது. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. வாராக்கடனாகி, ஈடு வைத்த வீட்டை அவரே விற்றுக் கட்டினார். விசாரணையில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று. அவருக்கு? கையெழுத்துப் போட வந்த அன்று என்னிடம், "சார், அந்த கரென்ட் விஷயம் ஸ்லைடுல இருந்துச்சே சார், நான் மறைக்கல" என்றார். உண்மைதான், மறைக்கவில்லை. எல்லார் கண்ணெதிரிலும் சுவரில் ஓடியது.

இதை மூன்றாவது மாடிப் பையனிடம் முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அப்ப ஸ்லைடே வேண்டாமா அங்கிள்?" என்றான்.

வேண்டும், அது கடைசி வேலை என்றேன். முதலில் வேர்டில் எழுது. வாக்கியமாக எழுது, புள்ளி வைத்து எழுதாதே. புள்ளி வைத்து 'டிமாண்ட் அதிகம்', 'லாபம் நல்லது' என்று எழுதிவிட்டுப் போகலாம். வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் 'ஏனென்றால்' என்று ஒரு வார்த்தை வந்து நிற்கும், அதற்கப்புறம் பேனா ஓடாது. ஓடாத இடம்தான் நீ போய்ப் பார்க்க வேண்டிய இடம். அப்படி அவனுக்கு நின்ற இடம், திரும்பி வரும் மாவு.

நான்கு வாரம் அவனும் அவன் அம்மாவும் வீட்டு கிரைண்டரிலேயே அரைத்து ஆறு கடைகளில் போட்டுப் பார்த்தார்கள். 100 பாக்கெட் போட்டால் 14 திரும்பியது. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, மின்சாரம், கவர் எல்லாம் சேர்த்து 38 ரூபாய் ஆகிறது, கடைக்காரர் 55 தருகிறார். தினம் 500 பாக்கெட், மாதம் 15,000. வாடகை, இரண்டு ஆள் சம்பளம், வண்டி என்று 1,05,000 ரூபாய். கேட்கும் கடன் 15 லட்சம், ஐந்து வருடம், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் தவணை சுமார் 32,600. திரும்புவது 14 ஆக இருந்தால் தவணை கட்டிய பிறகு மிஞ்சுவது இரண்டாயிரத்துக்கும் குறைவு. 20 ஆனால் தவணை இருக்கட்டும், வாடகைக்கும் சம்பளத்துக்குமே 15,000 குறைகிறது. 9-க்கு இறக்கினால் 43,000 மிஞ்சும். ஒவ்வொரு சதவீதமும் மாதம் 8,250 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்ட அன்று ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் பண்ணினான். குரலில் பயம் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

பிறகுதான் ஸ்லைடு பக்கம் போனோம். வாழையிலை இட்லி இருக்கிறது, முதல் ஸ்லைடில், ஆசைக்கு. மொத்தம் ஒன்பது. தலைப்புகளை மாற்றச் சொன்னேன். 'நிதி நிலை' என்று இருந்த தலைப்பு இப்போது 'திரும்பும் மாவு 14 சதவீதத்தைத் தாண்டினால் தவணை கட்ட முடியாது' என்று இருக்கிறது. அடுத்ததன் தலைப்பு 'அதை 9-க்குக் குறைக்க இரண்டு வழி வைத்திருக்கிறோம்'. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே மேலாளருக்கு விஷயம் புரிய வேண்டும். அவர் முன்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள், போன் அடித்துக்கொண்டே இருக்கும், நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியாதா? ஸ்லைடுக்கு ஒரு எண்தான். மீதி எண்களெல்லாம் 17 பக்க அறிக்கையில், எந்தப் பக்கம் என்று ஸ்லைடின் மூலையில் குறித்திருக்கிறான். பவர்பாயிண்ட்டின் முதல் பதிப்பிலேயே பேசுபவருக்கான குறிப்புப் பக்கம் என்று ஒன்று இருந்தது, இன்றும் ஸ்லைடுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் இடம் அதுதான். அதில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மேலாளர் கேட்கக்கூடிய மோசமான கேள்வி ஒன்றை எழுதி வைக்கச் சொன்னேன்.

அவன் அம்மா ஒரு கேள்வி சேர்த்தார். "டிசம்பர்ல இந்த ஊர்க் குளிருக்கு மாவு பொங்கவே பொங்காதே, அப்ப என்னடா பண்ணுவ?" நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை, இருபத்தெட்டு வருடமாக புனேயில் மாவு அரைப்பவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. புளிக்க வைக்கச் சூடான அறைக்கு ஒரு தொகை அறிக்கையின் 12-வது பக்கத்தில் ஏறியது, கடன் தொகை 60,000 கூடியது, தவணைக் கணக்கை மறுபடி போட்டோம்.

தெரிந்த குடும்பம் என்பதால் என் கிளையில் நான் தொடக்கூடாது. வேறொரு வங்கியில் வருகிற வியாழக்கிழமை பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அறிக்கையை மூன்று நாள் முன்பே கொடுத்துவிட்டான். அந்த மேலாளர் படிப்பாரா மாட்டாரா என்று என்னைக் கேட்கிறான். நான் 2011-ல் படித்தேனா என்ன?